கூவை திரும்பி வந்தாளா?

1

இந்த மாதத்தோடு நான் கேமரன் மலைக்கு வந்து இருபத்தாறு வருடம் முடிகிறது. ஊரில் இருந்தது இருபத்திரண்டு வருடம். அதைவிட இங்கே இருந்தது நான்கு வருடம் கூடுதல். இப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. என் மகள் திவ்யாதான் கோலாலம்பூரிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஹேப்பி அனிவர்சரி மா" என்று ஒரு கேக் படமும் அனுப்பினாள். படத்தில் இருக்கிற கேக்கை யார் தின்பது? நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

கடை என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறினால் கியா பார்ம். சாலையோரம் வரிசையாகத் தகரக் கூரைக் கடைகள். அதில் ஒரு கடையில் பாதி என்னுடையது. மறுபாதியில் ஒரு சீனத்து அக்கா சோளம் அவித்து விற்கிறாள். நான் ஸ்ட்ராபெரி, பச்சை மிளகாய், செவ்வந்திப் பூ, தேயிலைப் பொட்டலம் விற்கிறேன். வீடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில். என் வீட்டுக்காரர் சுப்ரா தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். அவர் பிறந்ததும் அதே லைனில்தான். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து கொழுந்து பறித்தவர். இப்போது கொழுந்து பறிப்பது பங்களாதேஷ்காரர்கள். எங்கள் லைனில் பாதி வீடுகளில் அவர்கள்தான் இருக்கிறார்கள். சாயங்காலமானால் ஒவ்வொருவரும் ஒரு மூலையில் நின்று போனில் ஊரோடு பேசுவார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கேக் படம் வந்த அன்று ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து செவ்வந்தி கேட்டது. பூக்கட்டைப் பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது இங்கே வழக்கம், ஈரம் கையில் படாது. என்னிடம் காகிதம் தீர்ந்திருந்தது. முந்தின நாள்தான் வீட்டுக்காரர் ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்து போட்டிருந்தார். தோட்டத்தில் ஒரு காலத்தில் படிப்பகம் நடந்த கட்டடத்தில் இனிமேல் மருந்தடிக்கிற டாங்கி வைக்கப் போகிறார்களாம். அங்கே கிடக்கிற பழைய தாளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி சொல்லியிருக்கிறார். நான் பெட்டிக்குள் கையை விட்டு, அட்டையில்லாத ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, ஒரே இழுப்பில் பத்துப் பக்கம் கிழித்தேன். இரண்டு கட்டுப் பூவைச் சுற்றிக் கொடுத்தேன். மூன்றாவது கட்டுக்குக் கிழிக்கப் போகும்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. கூவை.

அதற்குள் கார் கிளம்பிவிட்டது. நான் அதன் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். வளைவில் அது மறைந்துவிட்டது. திரும்பி வந்தபோது சீனத்து அக்கா மலாயில் கேட்டாள், "காசு குடுக்காமப் போயிட்டாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் ஓடின?"

என்ன சொல்வது? என் வாழ்க்கையில் பத்துப் பக்கத்தைப் பூச்சுற்றி அனுப்பிவிட்டேன் என்று சொல்லும் அளவுக்கு என் மலாய் போதாது. சும்மா சிரித்து வைத்தேன்.

2

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஏழு பெண்கள் சேர்ந்து உட்காருவோம். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கையில் கத்தரி. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் பீடிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறவரை இடுப்பு நிமிராது. ரேடியோ வைத்தால் பாட்டுக்குப் பாட்டு கை வேகம் மாறும். கதை வாசித்தால் கை ஒரே சீராக ஓடும். அதனால் ஒருத்தி வாசிப்பாள், ஆறு பேர் சுற்றுவோம். வாசிக்கிறவளுக்கு அன்றைய கணக்குக் குறையும் அல்லவா? அதற்கு ஆளுக்கு இரண்டு கட்டு கூடுதலாகச் சுற்றி அவள் சுளகில் போட்டுவிடுவோம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் எவளாவது கட்டுப் போட மறந்தால் மறுநாள் கதை நடுவழியில் நின்றுவிடும்.

வாசித்தது என் அக்கா இசக்கியம்மாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அவள் வாசித்தால் யானை வருகிற இடத்தில் நாங்கள் காலை மடக்கிக்கொள்வோம். ஊர் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவாள். ஒரு தடவை புத்தகத்தில் புகையிலை வாசம் அடிக்கிறது என்று நூலகர் திட்டிவிட்டார். அன்றிலிருந்து அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாள். எங்களைத் தொடவே விடமாட்டாள். அதனால் நான் அந்தக் கதையை முழுக்கக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை.

அது ஆறு பாகம் வந்த கற்காலக் கதை. நாங்கள் 'கல்லுக் கதை' என்போம். அதில் இரும்பு இல்லை, சக்கரம் இல்லை, துணி இல்லை. துணி இல்லை என்றதும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, "பொறவு முந்தானையை எங்கிட்டுச் செருகுவாளுவ?" என்று கேட்டு அக்காவிடம் வசவு வாங்கினாள். கூவை என்பவள் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் வாழ்கிற கூட்டத்துப் பெண். அவர்களிடம் உப்பு இருந்தது. மலைக்கூட்டத்திடம் கத்தி செய்கிற நல்ல கல் இருந்தது. கொடுக்கல் வாங்கலில் பெண்ணையும் கொடுத்தார்கள். கூவையை மலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆற்றுக் கூட்டத்தில் ஒரு வழக்கம். வெளிக்கூட்டத்துக்குப் போகிற பெண் தாய்வீட்டு அடுப்பின் மூன்று கல்லில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவாள். அவள் திரும்பி வந்து அதை வைக்கிறவரை அந்த அடுப்புக்கு இரண்டு கல்தான். இடைக்கு எதையாவது முட்டுக்கொடுத்துச் சமாளிப்பார்கள்.

ஆறாம் பாகத்தை அக்கா வாசித்துக்கொண்டிருந்த வாரம்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். குலதெய்வம் கும்பிட மலேசியாவிலிருந்து வந்த குடும்பம். நான் முடியாது என்றேன். அம்மா அழுதாள், அப்பா பேசுவதை நிறுத்தினார், நான் அசையவில்லை. கடல் தாண்டிப் போனவள் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் கதையே இல்லை. அப்படி இருக்கும்போது அக்கா கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். தலை நரைத்த கூவை கல்லைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள், மறுபக்கம் இறங்கினாள், தாய்வீட்டு அடுப்பில் கல்லை வைத்தாள். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அவளுடைய அக்கா நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா? சோறு வேகட்டும், உக்காரு" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் சம்மதம் சொன்னேன். மாப்பிள்ளை போட்டோ பிடித்துப்போய்விட்டது என்று ஊரே நினைத்தது. என் வீட்டுக்காரரும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் கல் எதுவும் கொண்டுவரவில்லை. விமானத்தில் இருபது கிலோதான். பதிலுக்கு அக்கா எங்கள் வீட்டு மச்சு அறையைப் பூட்டிச் சாவியைத் தன் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். "இது செல்வி ரூம்பு. கூவை வந்தால்லா, இவளும் வருவா" என்றாள். பொங்கலுக்குப் பொங்கல் அந்த அறைக்கு மட்டும் வெள்ளையடிப்பாள்.

3

கேமரன் மலையில் புத்தகம் வைத்திருப்பதும் மழையில் உப்பு வைத்திருப்பதும் ஒன்று. படிப்பகத்துப் பெட்டியில் ஆறு பாகமும் இருந்தன. நாலாம் பாகம்தான் நான் கிழித்தது. எல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர் பார்த்தார். "இந்தா, இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? குடு லா" என்று வாங்கிக்கொண்டு போனார். தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற அறைக்குப் பக்கத்தில் சூடு எப்போதும் இருக்கும். அங்கே தரையில் சாக்கை விரித்து, ஆறு பாகத்தையும் விசிறி மாதிரி விரித்து நிற்கவைத்து, வேலைக்கு நடுவே பக்கம் புரட்டிவிட்டிருக்கிறார். நான்கு நாள் கழித்து ஆறும் மொறுமொறுவென்று தேயிலை வாசத்தோடு திரும்பி வந்தன. மனிதர் ஒரு கதையும் படித்ததில்லை. ஆனால் அந்த நான்கு நாள் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன்.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படித்தேன். முதல் பாகத்திலேயே சந்தேகம் தட்டியது. ஆற்றுக் கூட்டத்துத் தலைவன் எனக்குத் தெரிந்தவரை குட்டையானவன், மூக்கை நோண்டுகிறவன், பெண்கள் கொண்டுவருகிற கிழங்கில் பாதியைச் சொத்தை என்று கழித்துத் தள்ளுகிறவன். புத்தகத்தில் பார்த்தால் அவன் நெட்டையாக, அமைதியாக இருக்கிறான். ஒரு கிழங்கைக்கூடக் கழிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புரிந்தது. மூக்கை நோண்டியது எங்கள் பீடிக் கடைக் கணக்கப்பிள்ளை. தினம் நூறு பீடியைக் கழிவு என்று தள்ளியவர். அக்கா அவரைத் தூக்கிக் கற்காலத்தில் போட்டிருக்கிறாள்.

இரண்டாம் பாகத்தில் கூவையின் மாமியார் வந்தாள். பாவி, கொடுமைக்காரி என்று இருபத்தாறு வருடமாக மனதில் வைத்திருந்தேன். புத்தகத்தில் அவள் தங்கமானவள். கூவைக்கு மலைக்கிழங்கு தோண்டச் சொல்லிக்கொடுக்கிறாள், காய்ச்சலில் கால் பிடித்துவிடுகிறாள். அந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணமாகி, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சீனத்து அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சிரிக்க முடியாத இடமும் இருந்தது. மூன்றாம் பாகத்தில் கூவையின் மகள் வளர்கிறாள். அம்மா ஆற்று மொழியில் கூப்பிட்டால் அவளுக்குக் கூச்சம். தோழிகள் முன்னால் மலை மொழியிலேயே பதில் சொல்கிறாள். இதையும் அக்கா வாசித்திருப்பாள். எனக்குக் கேட்ட ஞாபகமே இல்லை. அந்த வயதில் அது எங்கே காதில் விழும்?

திவ்யா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். தமிழ் எழுத்தெல்லாம் வரும், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். வந்தாலும் முக்கால்வாசி நேரம் போனில் ஆங்கிலத்தில்தான் பேச்சு. அந்த வாரம் வந்தவள் என் கையில் புத்தகத்தைப் பார்த்தாள்.

"என்னாது மா இது? டைனோசர் வருமா?"

"வராது. டைனோசர் இருந்தப்ப மனுசனே இல்ல."

"அப்ப என்னாதான் இருக்கு?"

"ஒரு பொண்ணு கல்யாணம் கட்டிக்கிட்டு மலைக்குப் போறா."

"அது உங்க கதையாச்சே. இதுக்குப் போயி ஆறு புக்கு எழுதுனாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆறு பத்தாதுடி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஸ்ட்ராபெரி கழுவப் போனாள்.

4

அவள் வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். "சூராட் வந்துருச்சு மா" என்று வீட்டுக்காரர் போனில் சொன்னதும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். சூராட் என்றால் இங்கே கடிதம். அதிலும் இது அரசாங்கக் கடிதம்.

என் தாள்களின் வரலாற்றைச் சொன்னால் அதுவே ஆறு பாகம் வரும். கல்யாணம் கட்டி வந்த பிறகு வருடா வருடம் மலை இறங்கிப் போய் விசாவைப் புதுப்பித்தோம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரும் கூட வந்து, ஆமாம், இவள் இன்னும் என் மனைவிதான் என்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் எங்களுக்குள் பெரிய சண்டை. போகிற வழியெல்லாம் பேசவில்லை. கவுண்டர் முன்னால் மட்டும் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்புறம் சிவப்பு அட்டை கிடைத்தது. நிரந்தரமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் ஓட்டு இல்லை.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டது திவ்யா. ஏழு வருடத்துக்கு முன்னால் பாரத்தை நிரப்பிக் கடைக்கே கொண்டுவந்தாள். ஸ்ட்ராபெரிக் கையோடு கையெழுத்துப் போட்டு, ஒரு மூலையில் கறையாகி, இன்னொரு பாரம் வாங்க வேண்டியதாயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது அதிகாரி, முடிவு தெரிய இரண்டு வருடம் ஆகலாம் என்றார். நான் யோசிக்காமல், "கூராங் சிகிட், போலே?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அர்த்தம். கடையில் நாள் முழுக்க வாடிக்கைக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. கவுண்டரே சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்தார். குறைக்கத்தான் இல்லை, இரண்டு ஏழாயிற்று.

இத்தனை வருடத்தில் மறந்தே போய்விட்டேன். இப்போது கிடைத்துவிட்டது என்று கடிதம். குறிப்பிட்ட நாளில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்ததற்குத் தாள் வேண்டும். திவ்யா கடிதத்தைச் சத்தமாகப் படித்து, கைதட்டி, என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"இனிமே நீங்களும் எங்க ஆளு மா."

இவ்வளவு நாள் நான் யார் ஆளாக இருந்தேன் என்று கேட்க நினைத்தேன். பிள்ளை அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், கேட்கவில்லை.

"பெரியம்மாட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

இல்லை. விண்ணப்பம் போட்டதையே நான் அக்காவிடம் சொன்னதில்லை. ஏழு வருடமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை பேசும்போதும் கடைசியில் அவள், "எப்பம் வார?" என்று கேட்பாள். நான், "வருவேன்க்கா" என்பேன். அவள் கேட்பது லீவுக்கு வருவதை அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

5

ஆறாம் பாகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முடிவுதான் தெரியுமே. கையிருப்பாக அது இருக்கட்டும் என்று ஒரு ஆசை. பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்த அன்று கடையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன்.

கூவை கல்லைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறாள். அதே மாதிரிதான். மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது, எல்லாம் அக்கா வாசித்ததுதான். உச்சிக்கு வருகிறாள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஆறும் கடலும் தெரிகின்றன. தாய்வீடு இருந்த திட்டில் புகை எழும்புகிறது. கூவை உட்கார்ந்து அந்தப் புகையை வெகுநேரம் பார்க்கிறாள். புகை இருந்தால் அடுப்பு எரிகிறது. இத்தனை வருடம் வெறும் முட்டோடு எரிந்திருக்காது, இப்போது அதற்கு மூன்று கல் இருக்கிறது. யாரோ எங்கிருந்தோ ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கூவை தன் கல்லை உச்சியிலேயே இறக்கி வைத்துவிட்டு, வந்த வழியே மலைக்கூட்டத்துக்கே திரும்புகிறாள். பேரப்பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

நான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வந்துட்டியா? சோறு வேகட்டும், உக்காரு" எங்கேயும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? கணக்கப்பிள்ளையைத் தலைவனாக்கினாள், சிரித்தேன். மாமியாரைப் பேயாக்கினாள், சிரித்தேன். இது என் கழுத்து. இந்த முடிவை நம்பித்தானே தாலிக்கு நீட்டினேன்? ஏமாற்றிக் கப்பல் ஏற்றுகிற கங்காணிகள் பற்றி வீட்டுக்காரரின் குடும்பத்தில் நிறையக் கதை உண்டு. எனக்குக் கங்காணி என் கூடப்பிறந்தவள். வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் வாழ்கிறேன். ஆனாலும் பொய் பொய்தானே. ஒரு வாரம் நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

6

செவ்வாய்க்கிழமை வியாபாரம் மந்தமாக இருக்கும். அன்று பனிமூட்டமும் சேர்ந்துகொண்டு எதிர்ச்சாலை தெரியவில்லை. எனக்கு மத்தியானம் ஒரு மணி, அக்காவுக்குக் காலை பத்தரை. அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, என்ன ஒரு வாரமா போனையே காணும்? மேலுக்குச் சொகமில்லையா?"

பின்னால் கத்தரிச் சத்தம் கேட்டது. இலை வெட்டிக்கொண்டே பேசுகிறாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளப் பயம். கண் தெரியாவிட்டாலும் கை சுற்றும் என்று இன்னும் பீடியை விடவில்லை. இப்போது அவள் மட்டும்தான் அந்த வீட்டில். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

"அக்கா, கல்லுக் கதை கெடச்சுது. ஆறு பாகமும் படிச்சிட்டேன்."

கத்தரி நின்றது.

"கூவை திரும்பி வரவே இல்லையாம். நீ பொய் சொல்லிட்ட. நான் என்ன பாவம் செஞ்சேன் ஒனக்கு?" குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சீனத்து அக்கா சோளப் பானையை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா கத்தரியைச் சுளகில் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"நான் எங்கட்டி பொய் சொன்னேன்? அந்தப் பொஸ்தவத்துல கடைசித் தாளே கெடையாது. எவனோ கிழிச்சிட்டுப் போயிட்டான். அவ கல்லைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுத எடத்தோட நின்னு போச்சு."

என் கை பத்துப் பக்கத்தை இழுத்த சத்தம் காதில் கேட்டது.

"நிமிந்து பாக்கேன், ஆறு பேரும் என் வாயையே பாக்கிய. நீ கத்தரியைக் கீழ வச்சிட்டு, கண்ணு ரெண்டும் கலங்கிப்போயி இருக்க. முடிவு தெரியாதுன்னு சொல்லுததுக்கு மனசு வரலை. எனக்கு என்ன வேணும்னு தோணுச்சோ அதைச் சொல்லிட்டேன். நீ போனா வராமலே இருந்துருவியோன்னு எனக்குந்தான பயமா கெடந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "இத்தனை வருசமா எனக்கும் அது கெடந்து அரிக்கி. முடிவு என்னதாம்ட்டி? வாசி, கேப்போம்."

புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பக்கத்தில் கைப்பை, அதற்குள் பாஸ்போர்ட். போனை ஸ்ட்ராபெரிக் கூடைமேல் சாய்த்துவைத்து வாசிக்க ஆரம்பித்தேன். யாருக்கும் வாய்விட்டு வாசித்துப் பழக்கமில்லை, முதல் பத்தியில் திக்கியது. கூவை ஏறினாள். முழங்கால் வலித்தது. உச்சி வந்தது. அங்கே நான் நிறுத்தினேன்.

எனக்கும் வாய் இருக்கிறது. நாலு வரி சேர்த்து அவளை மறுபக்கம் இறக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? கண் தெரியாத மனுஷி தாளை வாங்கிப் பார்க்கவா போகிறாள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது, வந்துட்டியா, சோறு வேகட்டும் என்று.

உள்ளதை உள்ளபடி வாசித்தேன். புகையை வாசித்தேன். மூன்று கல்லை வாசித்தேன். கல்லை இறக்கி வைத்துவிட்டு அவள் திரும்புவதை வாசித்தேன். முடிந்ததும், "அவ்வளவுதான்க்கா" என்றேன்.

"வரலையா?"

"வரலக்கா."

"அம்புட்டு வயசான பொறவுமா?"

"ஆமாக்கா." அப்புறம் ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "எனக்கும் இங்க குடியுரிமை குடுத்துட்டாங்க. அடுத்த வாரம் நம்ம ஊரு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கணும். திவ்யா இங்கதான இருக்கா, அவரும் இங்கதான் இருக்காரு. நான் லீவுக்கு வருவேன்க்கா. கட்டாயம் வருவேன். ஆனா..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பனியில் ஒரு கார் விளக்குப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போயிற்று. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பொகை தெரிஞ்சுதுன்னுதான போட்டிருக்கு?" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"அப்பம் சரி. அடுப்பு எரியுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டுல்லா." ஒரு பெருமூச்சு. "ஏட்டி, மழைக்கு வெறகெல்லாம் நனைஞ்சு போவுது. அந்த மச்சு ரூம்புல அடுக்கிக்கிடட்டா?"

அழுதுகொண்டே, "அடுக்கிக்கோக்கா" என்றேன்.

"அழாதட்டி, யாவாரம் பாக்குத எடத்துல. ஆளு பாப்பாக." அவள் குரலும் நன்றாக இல்லை. "அந்த மொதப் பாகம் கையில இருக்கா? இருந்தா எடுத்து வாசி. கண்ணு போன பொறவு கதை கேட்டே நாளாச்சு."

"இப்பமா? நீ பீடி சுத்தணும்லா?"

கத்தரிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"நீ வாசிட்டி. ஒனக்கும் சேத்து நான் ரெண்டு கட்டு சுத்திருதேன்."